நடைப்பிணங்கள்

என் அக்கா பிள்ளைக்குப் பதினேழு வயது. என் வீட்டில்தான் இருக்கிறான். சமர்த்துப் பையன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். ஒரு நாள் பேனா தேடிக்கொண்டு அவன் மேஜைப் பக்கம் போனபோது ஒரு நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. பையன் கதை எழுதியிருக்கிறான்! எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. நம் தொழிலுக்கு வீட்டிலேயே ஒரு வாரிசு முளைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் முதல் பக்கத்தைப் படித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பிணம் எழுந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் முடிவதற்குள் ஊர் முழுவதும் பிணமாகி நடக்க ஆரம்பித்துவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவன் வந்ததும், "என்னப்பா இது, நல்ல கதையாக ஏதாவது எழுதக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நல்ல கதைன்னா எது மாமா? முகூர்த்தத்தன்னிக்குக் கல்யாணம் நின்னு போறதா?"

என் நாவல்களில் இதுவரை நான்கு கல்யாணங்கள் நின்று போயிருக்கின்றன. வாசகர்களுக்கு அது தெரிந்த விஷயம். எனவே மேற்கொண்டு நான் வாதாடவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. இந்த ஜாம்பி என்கிற ஜந்து எங்கேயிருந்து வந்து நம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது என்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். நான் சரித்திரம் படித்தவனல்ல. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன். இருந்தாலும் பிறத்தியார் வீட்டுப் பூர்வோத்தரம் விசாரிப்பதில் கதாசிரியனுக்கு மிஞ்சின ஆள் கிடையாது.

ஜாம்பிக்கும் பேய்க்கும் அதிக உறவில்லை, சர்க்கரைக்கும் அதற்கும்தான் உறவு என்பது விசாரணையில் தெரிந்த முதல் விஷயம்.

கரிபியன் கடலில் ஹைத்தி என்ற தேசம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அதற்கு ஸான்-தொமேங் என்று பெயர். ஐரோப்பாவின் காப்பிக் கோப்பைகளில் விழுந்த சர்க்கரையில் பெரும் பங்கு அந்தத் தீவிலிருந்து போனது. அங்கே கரும்பு வெட்டினவர்களும் ஆலையில் நின்றவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள். 1791-ல் புரட்சி வெடித்தபோது ஏறக்குறைய 5 லட்சம் பேர் இருந்தார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். குறைகிற தலைக்குப் புதுத் தலை கப்பலில் வந்துகொண்டே இருக்கும். அறுவடைக் காலத்தில் ஆலை இராத்திரியும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் விரல் போய்விட்டால் கை போய்விடும்.

இந்த மனிதர்களுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. செத்தால் ஆத்மா கடலைக் கடந்து மூதாதையர் நாட்டுக்குத் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். அந்த நாட்டைக் கினி என்று சொல்வார்கள். சாவு அவர்களுக்கு ஊருக்குப் போகிற கப்பல். அப்படியானால் அவர்கள் எதைக் கண்டு பயந்திருப்பார்கள்? செத்த பிறகும் ஊருக்குப் போக விடாமல், மந்திரக்காரன் ஒருவன் குழியிலிருந்து எழுப்பி, மறுபடியும் கரும்புக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவானோ என்பதுதான். அப்படி நிறுத்தப்பட்டவன்தான் ஜாம்பி. அவன் யாரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை. வேலை செய்வான், அவ்வளவுதான். ஜாம்பி வந்துவிடும் என்று ஹைத்தியில் யாரும் நடுங்கவில்லை. தான் ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் நடுங்கினார்கள்.

இதைப் படித்தபோது நம் தமிழில் 'நடைப்பிணம்' என்ற வார்த்தை இருப்பது நினைவுக்கு வந்தது. நாம் அதை எந்தப் பிணத்துக்கும் சொல்வதில்லை. உயிரோடிருந்து, மனசு செத்து, வேளாவேளைக்கு வேலைக்குப் போய் வருகிறவனைத்தான் சொல்கிறோம். ஹைத்திக்காரன் அர்த்தமும் கிட்டத்தட்ட அதுதான். (பக்கத்துத் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் 1850-களிலிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிப் போன தமிழர்களும் கரும்புதான் வெட்டினார்கள். அவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் அதிசயப்பட்டிருக்க மாட்டார்கள்.)

ஹைத்தி அடிமைகள் எஜமானர்களை விரட்டி, நெப்போலியன் அனுப்பிய சேனையையும் முறியடித்து, 1804 ஜனவரி 1-ந் தேதி சுதந்திரம் அடைந்தார்கள். அது தனிப் புராணம், இங்கே இடமில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1915-ல், அமெரிக்கத் துருப்புகள் வந்து இறங்கின. 1934 வரை நகரவில்லை. சாலை போடுவதற்குக் குடியானவர்களைக் கட்டாயமாகப் பிடித்து வேலை வாங்கினார்கள். பெரிய சர்க்கரைக் கம்பெனிகளும் வந்தன. தாத்தா காலத்துப் பயம் பேரன் காலத்தில் மறுபடியும் எழுந்து உட்கார்ந்தது.

அந்தச் சமயத்தில் வில்லியம் ஸீபுரூக் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் அங்கே போய்ச் சுற்றிவிட்டு, 1929-ல் 'மாஜிக் ஐலண்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலீஷ் வாசகர்களுக்கு ஜாம்பியைப் பிரமாதமாக அறிமுகம் செய்தது அந்தப் புத்தகம்தான். எவ்வளவு கேட்டது, எவ்வளவு அவரே சேர்த்தது என்று பிரிக்க முடியாது. எங்கள் தொழிலில் அது சகஜம். அதில் ஒரு கதை வருகிறது. ஒரு மேஸ்திரி ஒன்பது பத்துப் பிணங்களை எழுப்பி, கந்தலை உடுத்தி, வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்து கரும்புக் கம்பெனியில் கூலிக்குப் பெயர் கொடுக்கிறான். வேலை அவை செய்யும். கூலி இவன் வாங்கிக்கொள்வான். சாப்பாட்டில் மட்டும் உப்புச் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு திருவிழா அன்று மேஸ்திரியின் பெண்சாதி, பாவம், இதுகளும் ஏதாவது தின்னட்டுமே என்று கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். கடலையில் உப்பு இருந்தது. நாக்கில் உப்புப் பட்டதும் அவற்றுக்குத் தாங்கள் செத்துப்போனது ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பெரிய அலறல். பிறகு வரிசையாகத் தங்கள் மலைக் கிராமத்தை நோக்கி நடந்தன. பெற்றவர்களும் பெண்டாட்டி பிள்ளைகளும் அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட, ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் தங்கள் தங்கள் குழிக்குப் போய் மண்ணைப் பிராண்டிக்கொண்டு விழுந்தன.

நம் பாட்டிமார் ரோஷமில்லாதவனைப் பார்த்து, "சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி ஹைத்தி மலைக்கு எப்படிப் போயிற்று என்று புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1932-ல் 'ஒயிட் ஜாம்பி' என்று சினிமா வந்தது. அதிலே ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி. கூடை சுமந்து வரும் பிணங்களில் ஒன்று தவறி யந்திரத்துக்குள் விழுந்துவிடுகிறது. மற்றவை நிற்கக்கூட இல்லை; சக்கரம் சுற்றுகிறது. ஹைத்திப் பயத்தின் சுவடு சினிமாவில் உண்மையாகப் பதிந்தது அந்த ஒரு நிமிஷந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்பாடு வந்த படங்களுக்குக் கரும்பு மறந்து போயிற்று.

பிணங்கள் மனித மாமிசம் தின்ன ஆரம்பித்தது 1968-ல். ஜார்ஜ் ரொமேரோ என்பவர் பிட்ஸ்பர்க் நகரத்துச் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, சொற்பக் காசில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. படத்தில் ஜாம்பி என்ற வார்த்தையை ஒருவர்கூட உச்சரிப்பதில்லை. கடைசி நிமிஷத்தில் பெயரை மாற்றியதில் பதிப்புரிமை வாசகம் விட்டுப்போய், படம் ஊர்ச் சொத்தாகிவிட்டது. கோடி கோடியாக வந்திருக்க வேண்டிய பணம் வரவில்லை. எழுத்தாளர்களாகிய நாங்கள் இதைப் படிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வோம். ராத்திரி பூராவும் பிணங்களோடு போராடிப் பிழைக்கிற கதாநாயகன் ஒரு நீக்ரோ இளைஞன். விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளையர் கும்பல் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருஷம். ஜனங்கள் தியேட்டரில் எதைப் பார்த்து உறைந்து போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரொமேரோவே தம் கடனை ஒப்புக்கொண்டிருக்கிறார். ரிச்சர்ட் மாதிஸன் 1954-ல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலைத்தான் தாம் பின்பற்றியதாகச் சொன்னார். மாதிஸனுக்கு அந்தக் கற்பனை பிறந்தது பதினாறு பதினேழு வயதில், டிராகுலா சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது. ஒரு இரத்தக் காட்டேரி இவ்வளவு பயமுறுத்தினால், உலகம் பூராவும் காட்டேரியாகி ஒரே ஒரு மனுஷன் மிஞ்சினால் எப்படியிருக்கும்? பதினேழு வயசு! என் மருமானை நினைத்துக்கொண்டேன்.

அந்த நாவலில் ஓர் இடம். கொள்ளை நோயில் செத்தவர்களை அரசாங்கத்தின் நெருப்புக் குழியில் போட வேண்டும் என்பது சட்டம். கதாநாயகன் நெவிலின் சின்னப் பெண் குழந்தை அப்படிப் போய்விடுகிறது. மனைவி இறந்ததும் அவனுக்கு மனசு வரவில்லை. திருட்டுத்தனமாகக் கொண்டுபோய்ப் புதைக்கிறான். அவள் எழுந்து, நடந்து, தன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறாள். இந்த இடத்துக்குமேல் என்னால் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உலகத்தில் கடைசியாக ஒரு மனுஷன் மிஞ்சுவது மாதிஸன் கண்டுபிடித்த விஷயமல்ல. அதற்கு 128 வருஷம் முந்தியே ஒரு பெண்பிள்ளை எழுதிவிட்டாள். மேரி ஷெல்லி. 'பிராங்கன்ஸ்டைன்' எழுதியவள் என்று எல்லோருக்கும் தெரியும். 1815-ல் கிழக்கிந்தியத் தீவுகளில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி ஆகாயத்தை மூடி, 1816-ல் ஐரோப்பாவில் கோடையே வராமல் போனதும், ஜினீவா ஏரிக் கரையில் மழைக்கு அடைந்து கிடந்த பைரன் பிரபு "ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்" என்றதும் பலரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. தினம் காலையில் "கதை அகப்பட்டதா?" என்று கேட்பார்களாம், இல்லை என்று சொல்லி அவள் கூசிப்போவாளாம். தீபாவளி மலருக்கு ஒப்புக்கொண்டுவிட்டுப் பத்திரிகை ஆபீஸிலிருந்து டெலிபோன் வரும்போது நான் படுகிற பாடு அதுதான்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய வருஷத்து விஷயம். 1815 பிப்ரவரியில் அவளுக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்குள், மார்ச் 6-ந் தேதி, போய்விட்டது. 19-ந் தேதி டைரியில் ஒரு கனவைக் குறித்து வைத்திருக்கிறாள். குழந்தை சாகவேயில்லை, குளிரில் விறைத்துத்தான் போயிருந்ததாம், கணப்பு முன்னால் வைத்துத் தேய்த்தார்களாம், பிழைத்துக்கொண்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. அவளுக்கு வயது அப்போது பதினேழு. அடுத்த வருஷம் ஜினீவாவில், செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கிற கதை அவளுக்கு எங்கேயிருந்து வந்தது என்று எரிமலையையும் மின்சார ஆராய்ச்சிகளையும் பிரமாதமாக எழுதுகிறார்கள். இருக்கட்டும். நான் அந்தக் கணப்பைத்தான் பார்க்கிறேன்.

அதற்கப்புறமும் அவளுக்கு ஓயவில்லை. 1818-ல் ஒரு பெண் குழந்தை, 1819-ல் பிள்ளை, 1822-ல் புருஷன் ஷெல்லி கடலில் மூழ்கி. 1824 மே 14-ந் தேதி, தன் கூட்டமெல்லாம் அழிந்து தான் ஒருத்தி மிஞ்சி நிற்பதாகவும், கடைசி மனுஷனின் மனசு தனக்குத் தெரியுமென்றும் டைரியில் எழுதினாள். மறு நாள் பைரன் கிரேக்க தேசத்தில் இறந்துவிட்ட செய்தி வந்து சேர்ந்தது. 1826-ல் 'தி லாஸ்ட் மான்' வெளிவந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கொள்ளை நோய் உலகத்தைத் துடைத்துவிட, ஒருவன் மட்டும் ரோமாபுரியில் ஒரு நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு திரிகிறான். விமர்சகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கடைசி மனுஷி என்று எழுதியிருந்தால் பேச ஆளில்லாத கஷ்டம் இன்னும் நன்றாக வந்திருக்குமே என்று ஒரு பத்திரிகை கேலி செய்தது. நாலு பிணம் எடுத்த வீட்டைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என் சிரிப்பு ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தது.

2021 மே மாதம் என் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவன் அப்பா முன்னாலேயே போய்விட்டார். ஒன்பதாம் நாள் போன் வந்தது. துணியில் சுற்றி, கட்டி, ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பிரிக்கக் கூடாது என்றார்கள். சீட்டில் பெயர் சரியாக இருந்தது. இனிஷியல் தப்பாக இருந்தது. கேட்டதற்கு, அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்றார்கள். பத்தடி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். பையன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். "முகத்தைப் பார்க்கலியே மாமா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான்.

அதற்குப் பிறகு எத்தனையோ இராத்திரி அக்கா கொல்லைப்புறக் கதவைத் தட்டி, "திறக்க எவ்வளவு நாழிடா?" என்று கேட்டிருக்கிறாள். வேர்த்து எழுந்து உட்காருவேன். யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷம் நான் எழுதிய நாவலில் மூன்றாவது கல்யாணம் நின்றது.

இவ்வளவையும் படித்து முடித்த பிறகு, நோட்டை நானே அவனிடம் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கம் வரையில் படித்தேன். ஊரெல்லாம் பிணங்கள் நடக்கின்றன. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நிற்கிறாள். மேலே துணி சுற்றியிருக்கிறது. உள்ளே ஒரு பையன். தெருக்காரர்கள் கையில் கட்டையோடு, திறக்காதே என்று கத்துகிறார்கள். பையன் கதவுக்கு இந்தப் புறம் நிற்கிறான். கதை அதோடு நின்றுவிட்டது.

மாதிஸனைப் படித்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான்.

"அப்புறம் என்ன ஆகிறது? திறக்கிறானா?"

"தெரியல மாமா. தினம் எழுதிப் பார்க்கறேன்."

ஓரிடத்தில் 'தாழ்ப்பாள்' என்ற வார்த்தையில் ஒற்று விட்டுப் போயிருந்தது. பென்சிலால் அதை மட்டும் போட்டு, நோட்டை அவனிடம் கொடுத்தேன்.