உப்பளத்து நுண்ணுயிர்: இதழ் நெறியும் நாட்டுச் சட்டமும்

கடற்கரை ஊரான மரக்காணத்தின் உப்பளப் பாத்திகளில் உப்பு விளையும் தறுவாயில் நிற்கும் நீர், கடல்நீரைவிட ஏழு மடங்குக்கும் மேல் உப்பேறியது. அதிலும் உயிர்கள் வாழ்கின்றன. முற்றிய உப்புநீர் சில நாட்களில் செந்நிறம் காட்டுவது பெரும்பாலும் உப்பை விரும்பும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்களின் நிறமியால்தான். இத்தனை உப்புக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் நுண்ணுயிர்களில் புதிய மருந்தோ தொழிலுக்கு உதவும் நொதியோ கிடைக்கலாம் என்று ஆய்வாளர்கள் இந்தக் கரையைத் தேடி வருகிறார்கள். மரக்காணம் கடற்கரைச் சேற்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தார் 2010-ஐ ஒட்டிக் கட்டுரைகள் எழுதினார்கள்.

இங்கே ஒருவர் இதுவரை பெயரிடப்படாத ஒரு பாக்டீரிய இனத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதை முறைப்படி உலகுக்கு அறிவிக்க அவர் இரண்டு நெறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். ஒன்று, ஆய்விதழின் நெறி. மற்றது, இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம். இரண்டுமே நேர்மையைக் காக்க வந்தவை. ஆனால் யாருக்குச் செய்ய வேண்டிய நேர்மை என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

பிறந்த காரணம்

பாக்டீரியாவுக்குப் புதுப் பெயர் வைப்பதற்கு உலகப் பொதுவான ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. பிரிட்டனின் நுண்ணுயிரியல் சங்கம் வெளியிடும் ஐஜேஎஸ்இஎம் என்ற இதழில் நேரடியாகவோ அதன் ஏற்புப் பட்டியல் வழியாகவோ இடம்பெற்றால்தான், இந்த விதிகளின்படி ஒரு பெயர் செல்லும். 2001 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. புதிய இனத்தின் மூல வளர்ப்பை (பெயருக்கு அடிப்படையான மாதிரியை) வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு காப்பகங்களிலாவது உயிரோடு ஒப்படைக்க வேண்டும். கேட்பவருக்கு அது கிடைக்க வேண்டும். ஒருவர் கண்டதாகச் சொல்வதை இன்னொருவர் சரிபார்க்க முடியாவிட்டால் அது அறிவியல் ஆகாது என்பதே இதன் அடிப்படை. ஒரே ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் கிடந்து அழிந்துபோன வளர்ப்புகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளை இன்று யாராலும் சோதிக்க முடியாது.

சட்டத்தின் கதை வேறு. காயம் ஆற்ற மஞ்சள் பூசுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அரசின் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடு 2005-இல்தான் முடிந்தது. இப்படி உயிர்வளம் பறிபோவதைத் தடுக்க வேண்டியிருந்தது. 1992 ரியோ உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டது என்று ஒப்புக்கொண்டது. அதன் வழியில் இந்தியா 2002-இல் உயிரியல் பன்மைச் சட்டத்தை இயற்றியது. அதை நடத்தும் தேசிய உயிரியல் பன்மை ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது.

கேட்பது என்ன

இரண்டும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. கண்டுபிடித்ததைக் காப்பகத்தில் வை என்று இரண்டுமே சொல்கின்றன. புதிய இனம் எதுவானாலும் அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது சட்டத்தின் 39-ஆம் பிரிவு. சண்டிகரிலும் புணேயிலும் நுண்ணுயிர்க் காப்பகங்கள் உள்ளன.

யார் எடுக்கலாம் என்ற இடத்தில் வழிகள் பிரிகின்றன. தடையின்றி எவருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது இதழ் நெறி. வெளிநாட்டவர் முதலில் ஆணையத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்கிறது சட்டம். ஆக, இந்தியக் காப்பகத்தில் வைத்த வளர்ப்பை இதழ் நெறி தடையற்றதாக ஏற்கத் தயங்குகிறது. வெளிநாட்டுக் காப்பகத்துக்கு அனுப்பச் சட்டம் அனுமதி கேட்கிறது. ஆய்வுக்காக மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் இந்தியரின் விண்ணப்பத்தில் 45 நாளுக்குள் முடிவெடுக்க 2014-இல் ஒரு விதி வந்தது. என்றாலும் சிக்கல் தீரவில்லை. புதிய இனங்களை அறிவிப்பதில் இந்தியா போன்ற நாடுகளின் பங்கு இதனால் குறைகிறது என்று இந்திய நுண்ணுயிரியலாளர்களே உலக இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

மீறினால் வரும் தண்டனையும் இருவகை. இதழ் நெறியை மீறினால் பெயர் செல்லாது. பித்தலாட்டம் தெரிந்தால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். சட்டத்தை மீறினால் முன்பு ஐந்தாண்டு வரை சிறைகூட உண்டு. 2023-இல் வந்த திருத்தம் சிறையை நீக்கி, ஒரு லட்சம் முதல் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமாக மாற்றிவிட்டது.

இரண்டும் காணாதவை

காப்பகத்தில் இருக்கும் உயிரைக் காப்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. அந்த உயிரின் மரபணு வரிசையோ வேறு வழியில் வெளியே போகிறது. கட்டுரை ஏற்கப்பட வேண்டுமானால் வரிசையை ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவகத்தில் ஏற்ற வேண்டும் என்பது இதழ்களின் விதி. அங்கிருந்து யாரும் அதை எடுத்து, தேவையான மரபணுவை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்துகொள்ளலாம்; மரக்காணத்துக்கு வரவே வேண்டாம். 2022-இல் வந்த சீக்கோட் என்ற புதிய பெயரிடு முறை, உயிர் வளர்ப்பு இல்லாமல் மரபணு வரிசையை மட்டும் கொண்டே பெயரிட வழி செய்தது. வரிசையிலிருந்து வரும் லாபத்தில் பங்கு கொடுப்பது பற்றி 2022-இல் மான்ட்ரியலில் கூடிய உலக நாடுகள் கொள்கையளவில் ஒப்புக்கொண்டன. அதற்கான 'காலி' (Cali) என்ற பெயருள்ள நிதியம் 2025-இல்தான் தொடங்கியது. அதில் பணம் போடுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

இதழ் நெறியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. படத்தைத் திருத்தினாயா, பிறர் வரியை எடுத்தாயா, யாரிடம் பணம் வாங்கினாய் என்றெல்லாம் இதழ்கள் துருவிக் கேட்கின்றன. 1997-இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் தொடங்கிய கோப் என்ற பதிப்பு நெறி அமைப்பின் வழிகாட்டுதல்கள் இவற்றுக்கு வலுச் சேர்த்தன. மாதிரி எடுத்த நிலம் யாருடையது, யாரிடம் அனுமதி பெற்றாய் என்று கேட்கும் இதழ்களும் உண்டு. பிளோஸ் ஒன் அப்படிக் கேட்கிறது. கேட்காதவையும் உண்டு. கேட்காத இதழில் மரக்காணம் என்பது அட்சரேகை தீர்க்கரேகையோடு நின்றுவிடும். அந்தப் பாத்தியை மிதித்து, வரப்பு கட்டி, வெயிலில் உப்பு வாரியவர்கள் நன்றியுரையிலும் வருவதில்லை. உள்ளூர் உயிரியல் பன்மைக் குழுக்களும் உயிர்வளத்துக்கான மக்கள் பதிவேடும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டில் மீனும் மரமும் மூலிகையும் ஏறுமளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா ஏறுவதில்லை.

இடையில் புகுந்தவர்கள்

இரண்டு நெறிகளும் முட்டிக்கொள்ளும்போது அகப்பட்டுக்கொள்பவர் இளம் ஆய்வாளர். முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி 2022 வரை இருந்தது. பணம் கட்டினால் எதையும் போடும் இதழ்களுக்கு அது நல்ல சந்தையாக அமைந்தது. 2018 மே மாதத்தில் யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. பிறகு கொண்டுவந்த 'கேர்' என்ற இதழ்ப் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்களிடமே இருக்கிறது. பணத்துக்குப் போடும் இதழ், காப்பகச் சான்றும் கேட்காது, ஆணைய அனுமதியும் கேட்காது. நேர்வழியில் நடப்பவருக்கு மட்டும் இரட்டைச் சுமை. குறுக்குவழியில் போகிறவருக்கு ஒரு சுமையும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால், சரிபார்ப்பதில் இதழ் நெறி வலிது. உரிமையில் சட்டம் வலிது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொண்டால் அறிவியலுக்கோ மண்ணுக்கோ துரோகம் நேரும். முறையான அனுமதியோடு கிடைக்கும் வளர்ப்பையும் 'கிடைக்கக்கூடியது' என்று இதழ்கள் ஏற்க வேண்டும். மூல வளர்ப்பை ஆய்வுக்கு மட்டும் வெளிநாட்டுக் காப்பகத்தில் வைப்பதற்கு, ஒவ்வொரு முறையும் கோப்பு நகர்த்தாமல், நிலையான ஓர் அனுமதியை ஆணையம் தர வேண்டும். இவை இரண்டும் வரும்வரை ஆய்வாளர் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எந்த ஊரில், யாருடைய பாத்தியில், யார் அனுமதியோடு எடுத்தேன் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிடலாம். அதற்கு எந்த இதழும் தடை சொல்லாது, எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.