பின் அச்சின் எண்ணெய்: ஒரகடம் சாலைக்கு சிந்தெட்டிக் தேவையா?

1. எல்லை

முதலிலேயே ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் பிறக்கும் கார்களில் ஏறக்குறைய எதற்கும் பின் டிஃபரன்ஷியல் கிடையாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் வெளிவந்த சான்ட்ரோவானாலும், 2010-இல் ஒரகடத்தில் திறந்த ரெனோ–நிசான் ஆலையின் மைக்ராவானாலும் எல்லாம் முன்சக்கர இயக்கம். டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் எண்ணெய் ஒன்றே. 2014-இல் வந்த டஸ்டரின் நான்கு சக்கர இயக்க வகை ஒரு விதிவிலக்கு. ஒரகடம் வழியே போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் கிழக்கு முனையில், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரான நாட்களில், நிலைமை தலைகீழாக இருந்தது. அங்கிருந்து கிளம்பிய ஒவ்வொரு ஹெரால்டும் பின்சக்கரத்தால் தள்ளப்பட்டே போனது.

ஆகவே இங்கே நம் ஆய்வுக்கு உரியவை, இந்தத் தடத்தில் செய்யும் கார்களைவிட இதில் ஓடும் வண்டிகளே: ஷிஃப்டுக்கு ஆளேற்றும் வேன், பொலீரோ, டாடா ஏஸ், 2021 வரை மறைமலைநகரில் தயாரான எண்டெவர்.

2. ஹைபாய்டு செய்யும் கொடுமை

எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைப் பின் அச்சில் குறுக்குவாக்கில் திருப்புவது கிரவுன்–பினியன். பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்குக் கீழே தாழ்ந்திருந்தால் அது ஹைபாய்டு. 1927-ஆம் ஆண்டு மாடல்களில் அமெரிக்காவின் பேக்கார்டு இதைக் கொண்டுவந்தது. எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. விலையை எண்ணெய்தான் கொடுத்தது. மற்றப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளும். ஹைபாய்டு பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் சறுக்கவும் செய்யும். அத்தனை அழுத்தத்தில் சறுக்கும்போது எந்த எண்ணெய்ப் படலமும் கிழிந்துவிடும்.

கிழிந்த இடத்தில் காப்பாற்றுவது எண்ணெயில் கரைத்திருக்கும் கந்தகமும் பாஸ்பரசும். உரசும் சூட்டில் அவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்குகின்றன. கியர் ஆயிலின் அந்த அழுகல் வாடை இந்தக் கந்தகத்தின் வாடைதான். அடிப்படை எண்ணெய் மினரலா சிந்தெட்டிக்கா என்பது அந்தத் தோலின் விஷயத்தில் இரண்டாம் பட்சம். அதைத் தருவது ஜிஎல்-5 என்ற தகுதி. உயர் முறுக்குவிசை, அதிர்ச்சிச் சுமை, ஈரத்துரு, வெப்பம் என்று தனித்தனிச் சோதனைகளில் தேறினால்தான் அந்தப் பெயர். தேறிய மினரலும் தேறிய சிந்தெட்டிக்கும் இங்கே ஒரே வகுப்பு மாணவர்கள்.

பின் அச்சுக்கு நல்லதென்று இதையே முன்சக்கரக் காரின் கியர்பாக்ஸிலும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அங்கே ஹைபாய்டு கிடையாது. பித்தளை சின்க்ரோ வளையங்கள்தான் உண்டு. உற்பத்தியாளர் வீரியம் குறைந்த ஜிஎல்-4 கேட்கும் இடத்தில் ஜிஎல்-5 ஊற்றினால், வீரியமான கந்தகம் பித்தளையை அரிக்கலாம், கியரும் தடங்கலாக விழலாம்.

3. டப்பாவின் எண்கள்

சிந்தெட்டிக் டப்பாவில் பொதுவாக 75டபிள்யூ-90, மினரலில் 80டபிள்யூ-90. முதல் எண் குளிருக்கானது. எண்ணெய் குறிப்பிட்ட அளவுக்கு இறுகும் வெப்பநிலை 75-க்கு மைனஸ் 40 டிகிரி, 80-க்கு மைனஸ் 26. சென்னையின் வானிலைப் பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. மணாலியில் ஓட்டுகிறவருக்கு அர்த்தமுள்ள எண், சுங்குவார்சத்திரத்தில் வெறும் அலங்காரம்.

இரண்டாம் எண் இரண்டுக்கும் ஒன்றே: 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 வரை சென்டிஸ்டோக். அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? அந்த 100 டிகிரிக்கு இரு பக்கமும் நடப்பதற்கு. சூடேறாத அச்சில் சிந்தெட்டிக் அவ்வளவாகக் கெட்டிப்படாது, இழுவை குறையும். 100-ஐத் தாண்டிய சூட்டில் அவ்வளவாக இளகாது. ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாவதும் மெதுவே. சென்னை 45 டிகிரியையும் பார்த்த ஊர். கோடையில் நிறை பாரத்தோடு நெடுந்தூரம் இழுக்கும் வண்டிக்கு இந்தக் குணம் காசு பெறும்.

ஒரு எச்சரிக்கை. ‘சிந்தெட்டிக்’ என்ற சொல்லே கறாரானதன்று. கடுமையாகச் சுத்திகரித்த பெட்ரோலிய எண்ணெயையும் அப்படி அழைக்கலாமா என்று மொபிலும் கேஸ்ட்ராலும் அமெரிக்க விளம்பர நடுவத்தின் முன் மோதின; 1999-இல், அழைக்கலாம் என்ற கேஸ்ட்ராலின் பக்கமே தீர்ந்தது. அதனால் எழுத்தின் பருமனுக்கு விலை கொடுக்காமல், வண்டியின் கையேடு கேட்கும் தகுதி டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

4. தண்ணீர்

இந்தத் தடத்தின் உண்மையான எதிரி சூடன்று, தண்ணீர். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரி செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை திறந்தார்கள். ஹூண்டாய், ரெனோ–நிசான், ஃபோர்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. ஒரு பின் அச்சைக் கெடுக்க அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டியதில்லை. ஒரு மணி நேர மழைக்குச் சர்வீஸ் ரோட்டில் முழங்காலளவு தண்ணீர் நின்றாலே போதும்.

ஓடிவந்த அச்சின் ஹவுசிங் சூடாக இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, பிரீதர் என்ற காற்றுத்துளை வழியே வெளியே இருப்பதை இழுக்கும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீலின் உதடு வழியாக இழுக்கும். எப்படியும் உள்ளே வருவது தண்ணீர்தான். அடுத்த வாரம் டிரெயின் பிளக்கைக் கழற்றினால், தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய் பால் கூடிய டீ மாதிரி இறங்கும். அந்த நிலையில் 400 ரூபாய் எண்ணெயும் 1,500 ரூபாய் எண்ணெயும் ஒரே குட்டையில் ஊறியவை. படலம் நிற்காது, பேரிங் துருப்பிடிக்கும், முதலில் ஊளையிடுவது பினியன் பேரிங்.

விலையுயர்ந்த எண்ணெய் ஊற்றியவரின் மனநிலைதான் இங்கே ஆபத்து. நீண்ட இடைவெளிக்கு மாற்ற வேண்டாம் என்றுதானே வாங்கினோம் என்று அவர் அதை அப்படியே விட்டுவைக்கிறார்.

5. தேர்வு

வெள்ளத்தில் இறங்கும் ஷிஃப்டு வேனுக்கு, கையேடு வேறு சொல்லாதபோது, ஜிஎல்-5 மினரல் போதும். மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடலாம். காய்ந்த நெடுஞ்சாலையில் பாரமிழுக்கும் வண்டிக்கும், கையேடே கேட்கும் வண்டிக்கும் சிந்தெட்டிக். லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலுக்கு அதற்குரிய உராய்வு மாற்றி சேர்ந்திருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்க டஸ்டர் வைத்திருப்பவர் கையேட்டைத் தவிர யார் பேச்சையும் கேட்க வேண்டாம்.

எது வாங்கினாலும், கீழே உள்ள பிளக்கைத் தொடுமுன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை இறக்கிவிட்டு, துருப்பிடித்த மேல் பிளக்கோடு மல்லுக்கு நிற்பது மெக்கானிக் செட்டுகளில் அடிக்கடி நடக்கும் வேடிக்கை. சமதரையில் நிறுத்தி, துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றி, சுண்டுவிரலை உள்ளே மடக்கிப் பாருங்கள். முதல் கணுவுக்குள் எண்ணெய் தொட்டால் சரி.