பிறகு அவள் யாரோடு இருந்தாள்?

1994ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில், புறநானூற்று வீரத் தாய்மார் பற்றி உரையாற்றினேன். அப்போது நான் இளம் தமிழ் விரிவுரையாளன். பேச்சு முடிந்து படியிறங்கும்போது வயதான அம்மா ஒருவர் மறித்தார்.

"தம்பி, நீங்கள் சொன்ன அந்தப் பாட்டிலை தாய்க்கு எத்தினை பிள்ளையள்?"

"ஒரு பிள்ளைதான் அம்மா."

"அவனும் போனாப் பிறகு அவ ஆரோடை இருந்தவ?"

பாட்டில் அது சொல்லப்படவில்லை என்றேன். "ஓம், பாட்டிலை இராது" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

இன்று நான் பழப்பெட்டிகள் அடுக்கும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்காரன். இயந்திரச் சத்தத்தில் எவரோடும் பேச இயலாது. ஆகவே பழைய பாட்டுகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நிற்பேன். அந்த அம்மாவின் கேள்விக்கு நான் தேடிய பதிலையே இங்கு எழுதுகிறேன்.

அந்தப் பாட்டு 279ஆவது. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். முன்னொரு நாள் போரில் அவளுடைய தமையன் யானையை வீழ்த்தி மடிந்தான். நேற்றைய போரில் கணவன் மடிந்தான். இன்றும் போர்ப்பறை கேட்கிறது. ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். ஆனால் இப்பாட்டில் பேசுவது தாய் அல்ல. அவளைப் பார்த்து நிற்கும் வேறொருவர். அவர் வாயில் முதலில் வருவதும் வாழ்த்தல்ல, இவளுடைய நினைப்புக் கெடட்டும் என்ற திடுக்கீடு. பறை கேட்ட தாய் விரும்பினாள் என்பதோடு மயங்கினாள் என்றும் பாட்டுச் சொல்கிறது. மேடையில் நான் விருப்பத்தை மட்டும் விளக்கினேன். மயக்கத்தை விட்டுவிட்டேன்.

பொன்முடியாரின் 312ஆவது பாட்டையும் அன்று சொன்னேன். தாய்க்கு, தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, மகனுக்கு என்று கடமைகளை வகுக்கும் பாட்டு அது. அதில் மகனின் கடமை, களிற்றை வீழ்த்திவிட்டுத் திரும்பி வருவது. நூறு தடவை ஒப்புவித்தும் அந்தத் திரும்பி வருதல் என் காதில் ஏறவில்லை.

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றினார். அதன் பின்னர் இருகரைகளிலும் தமிழ் உணர்வு வளர்ந்த காலத்தில், நானூறு பாட்டுகளில் மூன்று நான்கு மட்டும் மேடைக்கு வந்தன. அதே தொகுப்பில் 248ஆவது பாட்டு இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது தழையாக உடுத்த அல்லி, கணவன் இறந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு வேளை தவறிய உணவாகிறது. 255இல், விழுந்து கிடக்கும் கணவனைத் தூக்க வலுவில்லாத மனைவி, கையைப் பிடித்து எழுந்து மலை நிழல்வரை நடக்கும்படி அவனைக் கெஞ்சுகிறாள். 248ஐப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார். மகனை அனுப்பியவளைப் பாடியவர் பெயரிலும் ஒக்கூர், மிஞ்சியிருந்தவளைப் பாடியவர் பெயரிலும் ஒக்கூர். முதலாமவரைத்தான் நாம் மேடைக்கு அழைத்தோம்.

இங்கு தியாகம் என்ற சொல்லைப் பற்றியும் கூறியாக வேண்டும். அது புறநானூற்றில் இல்லை. ஈகை, கொடை, வண்மை என்பனவே உள்ளன. பின்னாளில் தமிழுக்கு வந்தபோதும் அது பெரும்பாலும் வள்ளன்மையையே குறித்தது. 1118 முதல் 1135வரை ஆண்ட விக்கிரம சோழனுக்குத் தியாகசமுத்திரம் என்று பட்டம். தன்னிடம் உள்ளதைக் கடல்போலக் கொடுப்பவன் என்பது கருத்து. இருபதாம் நூற்றாண்டில் சிறை சென்றவரும் உயிர் கொடுத்தவரும் தியாகி ஆயினர். அதிலும் ஒரு நியாயம் இருந்தது: கொடுத்தது அவரவர் உடலை, அவரவர் வாழ்நாளை. 1987 செப்டெம்பரில் நல்லூரில் நீரும் அருந்தாமல் இறந்த திலீபனை அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் தியாகி என்று அழைத்தது இதனால்தான். ஆனால் தாய் மகனைக் கொடுப்பதையும், ஊர் பிள்ளைகளைக் கொடுப்பதையும் அதே சொல்லால் அழைக்கத் தொடங்கியபோது, கொடுப்பவர் ஒருவராகவும் இழப்பவர் இன்னொருவராகவும் ஆகினர்.

எமது சிறுகதைகள் இதை எங்களைப் போன்ற விரிவுரையாளர்களுக்கு முன்பே கண்டுகொண்டன. 1989இல் வெளிவந்த ரஞ்சகுமாரின் 'மோகவாசல்' தொகுப்பில் 'கோசலை' என்றொரு கதை. பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் மிஞ்சும் தாயின் கதை அது. இராமாயணத்துக் கோசலைக்குப் பதினான்கு ஆண்டுகள் என்று ஒரு கணக்கிருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. 1994இல் அந்தத் தொகுப்பு என் புத்தக அலுமாரியில் இருந்தது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் புறநானூற்றின் 248இலும் இந்தக் கதையிலும் இருந்தது. இரண்டையும் நான் படித்திருந்தேன்.

வரலாற்றுத் தாய்மாரும் பாட்டுத் தாயைப்போல நடந்துகொள்ளவில்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தெருவில் இறங்கியது, பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் திருப்பித் தா என்று கேட்க. இறுதிப் போர்க் காலத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகள் பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்டபோது, பெற்றோர் அவர்களை ஒளித்து வைத்தார்கள். 2009 மே மாதம், சரணடைந்தால் உயிர் மிஞ்சும் என்று நம்பி, தம் கையாலேயே பிள்ளைகளை இராணுவத்திடம் ஒப்படைத்தவர்களும் உண்டு. அவர்களும் மற்றக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினரும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்தார்கள். பதில் கிடைக்காமலே பலர் இறந்துபோனார்கள்.

புறநானூற்று 86ஆவது பாட்டில் ஒருத்தி, உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். எங்கிருக்கிறானோ அறியேன், போர்க்களத்தில் தோன்றுவான் என்று பெருமிதத்தோடு தாய் பதில் சொல்கிறாள். கிளிநொச்சியில் அந்தக் கேள்வியைத் தாயே கேட்க வேண்டியதாயிற்று.

போனவர்களை நான் சிறுமைப்படுத்துவதாகச் சில நண்பர்கள் எழுதக்கூடும். தன் உயிரைத் தானே கொடுத்தவரை எடைபோட எனக்குத் தகுதியில்லை. நான் கேட்பது என்னைப் போன்றவர்களைப் பற்றி. எங்கள் தேர்வில் எந்தப் பாட்டுகள் இடம்பெற்றன, எவை விடுபட்டன, ஏன்? அந்த மண்டபத்தில் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். நான் வேலைக் கொடுக்கும் கையைப் பாடினேன், அல்லி உண்ணும் வாயைப் பாடவில்லை. எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பாட்டுகளுக்குத்தான் கைதட்டல் கிடைத்தது.

இங்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் புறநானூறு படிப்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 279ஐப் படிப்பிக்கும் நாளிலேயே 248ஐயும் படிப்பியுங்கள். பிள்ளைகள் எவராவது அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டால், பாட்டில் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும், பேசுவோம்.