ஆசனம் தைத்தவர்கள்

மோட்டார் வண்டி என்றதும் நாம் என்ஜினைப் பற்றித்தான் பேசுகிறோம். சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆசனத்தின் உறையைத் தைத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை.

கிழக்கு லண்டனில் டாகன்ஹாமில், போர்டு தொழிற்சாலையில் அதைத் தைத்தவர்கள் பெண்கள். கைத்திறனைச் சோதித்துப் பார்த்தே வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் 1968-இல் நிர்வாகம் அவர்களை வைத்ததோ, தேர்ச்சி குறைந்த ‘பி’ வகுப்பில்! அதிலும் ஆணுக்கு நூறு என்றால் பெண்ணுக்கு 85தான்.

ஜூன் 7-ஆம் தேதி 187 பெண்மணிகள் வேலையை நிறுத்தினார்கள். ஆசனம் இல்லாத வண்டியை யார் வாங்குவார்கள்? மூன்று வாரம் அவர்கள் அசையவில்லை. கார் உற்பத்தி நின்றுபோயிற்று. மந்திரி பார்பரா காசில் அவர்களை அழைத்து, தேநீர் கொடுத்துப் பேசினார். 85 என்பது 92 ஆயிற்று. 1970-இல் சம ஊதியச் சட்டமும் பிறந்தது.

எல்லாம் சரி. ஆனால், தங்களுடையது தேர்ந்த தொழில் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதல்லவா அவர்களுடைய முதல் கோரிக்கை? அது கிடைக்க 1984-இல் இன்னொரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. பதினாறு வருஷம்! கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க உலகம் எப்படியோ சம்மதித்துவிடுகிறது. ஒரு பெண்ணின் கைத்திறனை வாய்விட்டு ஒப்புக்கொள்ளத்தான் அதற்கு நாக்கு எழுவதில்லை.