கடல் விலகிப் போன ஊர்

தீவுகளோட சரித்திரத்தைத் தேடிப் படிச்சா, கடல் வந்து ஊரை விழுங்கின கதைதான் அதிகம் கிடைக்கும். பின்லாந்தின் மேற்குக் கரையில, வாசா நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பியோர்க்கோபியில கதை தலைகீழ். அங்கே கடல் ஊரை விட்டுப் போய்க்கிட்டே இருக்கு.

ஸ்வீடிஷ்ல பியோர்க்னா பிர்ச் மரம். பேரோட அர்த்தம் பிர்ச் தீவு கிராமம். தலைமுறை தலைமுறையா ஸ்வீடிஷ் பேசுற மீனவர்கள் ஊர். 1809-ல பின்லாந்து ஸ்வீடன் கையை விட்டு ரஷ்யாவுக்குப் போச்சு. அந்த வருஷம் மார்ச்சில, உறைஞ்சு கிடந்த இந்தக் குவார்க்கன் கடல் மேலேயே நடந்து ரஷ்யப் படை ஸ்வீடனுக்குள்ள போனது. ஆட்சி மாறியும் வீட்டுல பேசின மொழி மாறலை.

சரி, கடல் ஏன் விலகுது? பனியுகத்துல சுமார் மூணு கிலோமீட்டர் கனத்துக்கு இருந்த பனிப்பாறை தரையை அமுக்கி வச்சிருந்தது. பனி உருகி ஏறக்குறைய பத்தாயிரம் வருஷம் ஆச்சு, தரை இன்னும் நிமிர்ந்துக்கிட்டே இருக்கு. வருஷத்துக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல. கேக்க அற்பமாத்தான் இருக்கும். ஆனா அது சரிவே இல்லாத தட்டையான கரை. கொஞ்சம் உயர்ந்தாலே தண்ணி ரொம்ப தூரம் பின்வாங்கிடும். குவார்க்கன் முழுக்கச் சேர்த்தா வருஷத்துக்குச் சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் புது நிலம்!

மீனவனுக்கு இது வரம் இல்லைங்க. பியோர்க்கோபியோட பழைய துறைமுகம் பூட்பாக். அங்கே வரிசையா படகுக் கொட்டகைகள் இன்னும் நிக்குது, ஆனா எதிர்ல இருக்கிறது ஆழமில்லாத ஒரு நீர்நிலை. படகுத்துறை ஸ்வேத்யேஹாம்னுக்கு இடம் மாறியாச்சு. வாசாவுக்கும் இதே தலைவிதிதான். 1852-ல நகரம் எரிஞ்சு போனதும், பழைய இடத்துல கட்டாம ஏழு கிலோமீட்டர் தள்ளி கடலோரமாப் புதுசா கட்டினாங்க. பழைய துறைமுகம் தூர்ந்து போனதும் அதுக்கு ஒரு காரணம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி, இந்தப் புது நிலம் யாருக்குச் சொந்தம்ங்கிறது. உங்க வீட்டுக்கு எதிர்லயே முளைச்சிருந்தாலும் அது உங்களுக்கு இல்லை! பின்லாந்து வழக்கப்படி அந்த நீர்ப்பரப்பு யாருக்குப் பொதுவோ, மேலே வர்ற நிலமும் அவங்களுக்கே பொது. பழைய நிலப் பங்கீட்டுல எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பங்கோ, இதிலும் அவ்வளவுதான். குத்தகைக்கு விட்டா பணம் பொதுவுக்கு வரும். கரையில வீடு கட்டினவர் கடலைப் பாக்க ஊர்ப் பொது நிலத்தைத் தாண்டிப் போகணும். வழக்கு வம்பு இல்லாம இருக்குமா? :-)

1973 வரைக்கும் பியோர்க்கோபி தனி ஊராட்சி. சின்ன ஊராட்சிகளால தனியா செலவுகளைத் தாங்க முடியாதுன்னு நாடு முழுக்க இணைச்சுக்கிட்டிருந்த காலம் அது. ரெப்லோட், குவேவ்லாக்ஸ், சோல்ஃப் ஊராட்சிகளோட இதையும் கோர்ஸ்ஹோல்ம்ல சேர்த்துட்டாங்க. எல்லாமே ஸ்வீடிஷ் பெரும்பான்மை ஊர்கள். ஊராட்சி போனாலும் மொழிக்குப் பாதகமில்லை.

அதுக்கப்புறம் நல்லதும் நடந்தது. 1997-ல 1045 மீட்டர் நீள ரெப்லோட் பாலம் திறந்ததும், நிலப்பகுதிக்குப் போக படகுச் சேவையை நம்பியிருந்த காலம் முடிஞ்சது. 2006-ல குவார்க்கன் தீவுக்கூட்டத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது, ஸ்வீடன் பக்கத்து உயர் கடற்கரையோட இணைச்சு. படகை நகர்த்தி வச்ச அதே நிலத்தைப் பார்க்க இப்ப சுற்றுலாப் பயணிகள் வர்றாங்க.

கடைசியில ஒரு திருப்பம். பியோர்க்கோபியை விழுங்கின கோர்ஸ்ஹோல்மையே வாசாவோட இணைக்கலாம்னு பேச்சு வந்தது. வாசாவில பின்னிஷ் பேசுறவங்கதான் பெரும்பான்மை. 2019 மார்ச்சில கோர்ஸ்ஹோல்ம் மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்திக் கேட்டாங்க. பெரும்பான்மை வேண்டாம்னுட்டாங்க, இணைப்பும் நடக்கலை. சேவை, வரின்னு காரணங்கள் நிறைய பேசப்பட்டது. எனக்கென்னவோ, மொழிதான் பெரிய காரணம்னு தோணுது. இணைப்புன்னாலே பயம்னு சொல்லிட முடியாது, 1973-ல இணைஞ்சவங்கதானே அவங்க.

ஸ்வேத்யேஹாம்ன்லயும் தரை ஏறிக்கிட்டுதான் இருக்கு.