விருமாண்டியும் தூக்குத் தண்டனையும்
மதுரை வட்டாரக் கிராமத்தைக் களமாகக் கொண்டு கமல்ஹாசன் எழுதி இயக்கி நடித்த விருமாண்டி, 2004 பொங்கலுக்கு வெளியானது. முதலில் வைத்த பெயர் சண்டியர். அது சாதி மோதலைத் தூண்டும் எனப் புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமி எதிர்த்தபின் பெயர் மாறியது.

சிறையில் ஆயுள் கைதி கொத்தாளத் தேவரும் தூக்குக் கைதி விருமாண்டியும் ஒரே நிகழ்ச்சிகளை வேறுவேறாகச் சொல்கிறார்கள். கேட்பவர், மரண தண்டனையை எதிர்க்கும் ஏஞ்சலா காத்தமுத்து. முதல் கூற்றை நம்பிவிட்ட பார்வையாளர், இரண்டாவதைக் கேட்டதும் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ள நேர்கிறது. தூக்குக்கு எதிரான வலுவான வாதமாகப் பலர் கண்டது இதையே. அரிவாளும் குருதியும் மலிந்த படம் கொலையை எதிர்க்க முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. செய்யாத குற்றம் நாயகன்மேல் விழுவதால் வாதம் எளிதாகிவிட்டது என்பதே இவற்றினும் கூர்மையான குறை. செய்தவனையும் தூக்கிலிடக் கூடாதா என்பதைப் படம் அவ்வளவாகத் தொடவில்லை.

படம் வெளியான ஏழாம் மாதம், 2004 ஆகத்து 14 அன்று, கொல்கத்தாவில் தனஞ்சய் சாட்டர்ஜி தூக்கிலிடப்பட்டார்.