கபிலர் எப்படிச் செத்தார்?

போன பொங்கல் லீவுல கள்ளக்குறிச்சியில பஸ் ஏறித் திருக்கோவிலூர் போனேன். (2019ல் மாவட்டம் பிரிச்சதுல எங்க பக்கம் வந்த ஊர்.) எல்லாரையும் போல முதல்ல உலகளந்த பெருமாள் கோயில். முதலாழ்வார் மூணு பேரும் ஒரு மழை ராத்திரி சின்ன இடைகழியில நெருக்கிக்கிட்டு நின்ன ஊர்னு சொல்வாங்க. அன்னைக்கு இருந்த கூட்டத்துல எனக்கும் அதே நெருக்கல்தான் :-)

வெளிய வந்து கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். அட்ட வீரட்டத்துல ஒண்ணு. பக்கத்துல தென்பெண்ணை. ஆத்துக்குள்ள ஒரு பாறை, அது மேல குட்டிக் கோயில். அதுதான் கபிலக்கல்.

பாரி செத்த பிறகு அவன் மகள்களைக் கூட்டிக்கிட்டு விச்சிக்கோ, இருங்கோவேள்னு அரசர்கள்கிட்ட அலைஞ்சவர் கபிலர். யாரும் கட்டிக்கலை. கடைசியில பெண்களைப் பார்ப்பார்கிட்ட ஒப்படைச்சுட்டு வடக்கிருந்து உயிர் விட்டார்னு பள்ளிக்கூடத்துல தமிழ் ஐயா சொன்னார். அது புறநானூறு 236க்கு அடியில இருக்கிற குறிப்பு. பாட்டுல நண்பனோட சேர்ந்து சாகலையேங்கற வருத்தம் மட்டும்தான், எப்படிச் செத்தார்னு இல்லை.

இந்தக் கோயில்ல இருக்கிற ராஜராஜன் காலத்துக் (985-1014) கல்வெட்டு வேற கதை சொல்லுது. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துட்டு, ஆத்து நடுவுல இந்தக் கல்லுல கபிலர் தீப்புகுந்தாராம்!

ரெண்டு வெர்ஷன் முரண்பட்டா எங்க வேலையில எது பழசுன்னு பார்ப்போம். இங்க எனக்கு வேற ஒண்ணு கண்ணுல பட்டுது. அதே கல்வெட்டு வானவன் மாதேவியையும் பேசுது. மலையமான் குலத்துப் பெண், ராஜராஜனோட அம்மா. கணவர் சுந்தர சோழர் இறந்தப்போ பால்குடிப் பிள்ளையைப் பிரிஞ்சு தீயில இறங்கினவங்க.

ராணி தீயில இறங்கினதைப் பெருமையாப் பாடின காலத்துல, பட்டினி கிடந்து செத்த புலவரையும் தீயிலயே இறக்கிட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது, என் ஊகம்தான். ஆனா கல்வெட்டுன்னா அப்படியே உண்மைன்னு இத்தனை நாள் நம்பிட்டிருந்த எனக்கு, அதுவும் ஒரு மனுஷன் தன் காலத்துல நின்னு எழுதினதுதானேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

கல்வெட்டுல அம்மாவுக்குப் பாராட்டு இருக்கு. அந்தப் பால்குடிப் பிள்ளை அழுதுதான்னு ஒரு வரி இல்லை. திரும்பி வர்ற பஸ்ல அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

திருக்கோவிலூர் போனீங்கன்னா பெருமாளைச் சேவிச்சதோட திரும்பிடாதீங்க. ஆத்துப் பக்கமும் ஒரு நடை போயிட்டு வாங்க.